இணங்கியல் என்னும் சோதனைத்திணை விளக்கம்

பாயிரம்

பூவுக்கு அரும்பு முதல் செம்மல் வரை பருவம் பிரித்து, காற்றுக்குத் திசைக்கொரு பெயர் வைத்து, யானைக்கு நிகண்டுகளில் பத்தி பத்தியாகப் பெயர் அடுக்கிய நம் புலவர் மரபு ஒருவரை மட்டும் மறந்துவிட்டது. விமான நிலையத்தில் உருவிய பெல்ட்டை ஒரு கையில் சுற்றிக்கொண்டு, மறு கையால் பேன்ட்டைப் பிடித்தபடி நிற்கும் மனிதருக்கு இன்றுவரை இலக்கணம் இல்லை. அக்காலத்தில் விமானம் ஏது என்பது ஒரு சமாதானம். புட்பக விமானம் இருந்ததே என்று மடக்குவார் உளர். அதில் ஏறினவர் எவரையும் யாரும் தடவிப் பார்த்ததாகச் சான்று இல்லாமையால் அவ்வாதம் தள்ளப்படும். அக்குறை தீர்க்க எழுந்தது இந்நூல்.

நூல் நுவலும் பொருள்: சோதனை இறுக இறுக, அதற்குத் தலையாட்டிக்கொண்டே போகும் பொதுமக்களின் வகையும் தொகையும். நிலம்: அமெரிக்கா. மற்ற நாடுகளில் சோதனை இல்லையா என்றால், உண்டு. சில இடங்களில் இதைவிடக் கடுமை. ஆயினும் சுதந்திரத்துக்குத் துறைமுகத்திலேயே சிலை நிறுத்திய நாட்டார், அந்தச் சுதந்திரத்தைச் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் தட்டில் வைத்துத் தள்ளிவிடும் லாவகம் பிறரிடம் காண்பதற்கு இல்லை. மேலும், நம்மூரில் தெருவுக்கு இரண்டு வீட்டுப் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். மகளின் பிரசவத்துக்கும் பேரனின் முதல் பிறந்தநாளுக்கும் போய்வரும் பெற்றோர்க்கு அந்த வரிசைகள் அத்துப்படி.

நூற்பயன்: இதைக் கற்றார், தமக்கு முன் நிற்பவர் எவ்வகையார் என்று தெரிந்து, எந்த வரிசை வேகமாக நகரும் என்பதை அறிவர். வீடுபேறு இந்நூலின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

முதல், கரு, உரி

திணை வகுத்தால் முதற்பொருள் சொல்ல வேண்டும். நிலம், நாடா கட்டி வளைத்து வளைத்து விட்ட வரிசை. பெரும்பொழுது, நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் வாரம். சிறுபொழுது, விமானம் புறப்பட நாற்பது நிமிடம் இருக்கும் நேரம். கருப்பொருளில் விலங்கு, மோப்ப நாய். பறை, உருளைமேல் பெட்டி உருளும் ஓசை. உணவு, முக்கால் பாட்டில் தண்ணீரோடு குப்பைத் தொட்டியில் கிடப்பது. தொழில், கழற்றலும் மாட்டலும். தெய்வம், எக்ஸ்ரே திரைக்கு முன் அமர்ந்து ஒன்றும் பேசாதது. உரிப்பொருள் இணங்கல்.

இவற்றுள் சிறுபொழுதே தலையாயது என்க. ஏனைய ஆசிரியர் அச்சத்தைக் காரணமாகச் சொல்வர். குண்டுக்குப் பயந்து மக்கள் உரிமையைக் கொடுத்தார்கள் என்பது அவர்கள் கொள்கை. வரிசையில் நின்று முகங்களைப் பார்த்தவருக்கு அங்கே குண்டுப் பயம் தென்படுவதில்லை. எல்லாக் கண்ணும் கடிகாரத்தின் மேல்தான் இருக்கிறது. உரிமையை விடுகிறாயா என்று யாரும் நம் வீட்டுத் திண்ணைக்கு வந்து, நாம் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது கேட்பதில்லை. 6:40 விமானத்துக்கு 6:00 மணிக்குக் கேட்கிறார்கள். காரணமில்லாத சோதனையைத் தடுக்கும் நான்காம் திருத்தத்தை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய வக்கீலும் அந்த நேரத்தில் பெல்ட்டைத்தான் அவிழ்ப்பார்.

அச்சக் கட்சியார்க்கு மறுப்பு வரலாற்றிலேயே இருக்கிறது. 1968 முதல் 1972 வரையான ஐந்தாண்டில் அமெரிக்காவில் 130-க்கு மேற்பட்ட விமானங்கள் கடத்தப்பட்டன. கியூபாவுக்கு ஓட்டு என்பது விமானிகளுக்குக் கேட்டுக் கேட்டுப் புளித்த கட்டளை. அச்சத்துக்கு அதைவிட நல்ல மழைக்காலம் இல்லை. ஆனாலும் எல்லாரையும் சோதிக்கும் ஏற்பாடு அப்போது முளைக்கவில்லை. அதைத் தடுத்து நின்றவர்கள் விமான நிறுவனத்தார். காசு கொடுத்து வருகிறவரைத் திருடனைப் போல் துழாவினால் அவர் ரயிலுக்கோ காருக்கோ போய்விடுவார் என்பது அவர்கள் கணக்கு. 1972 நவம்பரில் சதர்ன் ஏர்வேஸ் விமானத்தைக் கடத்திய மூவர், டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜ் அணு உலைமேல் கொண்டுபோய் மோதுவோம் என்று மிரட்டிய பிறகுதான் அரசு அசைந்தது. 1973 ஜனவரி 5 முதல் ஆளுக்கும் கைப்பைக்கும் சோதனை கட்டாயம் ஆயிற்று. பயணி ரயிலுக்குப் போகவில்லை. வரிசையில் போய் நின்றார். எரிபொருள் விலையிலிருந்து இருக்கைக்கு எத்தனை அங்குலம் என்பது வரை அறிந்த நிறுவனத்தார், தம் வாடிக்கையாளரின் முதுகெலும்பு எவ்வளவு வளையும் என்பதை மட்டும் தப்பாக மதிப்பிட்டிருந்தார்கள்.

இதன் பிறகும் 2001 செப்டம்பர் வரை டிக்கெட் இல்லாதவர்கூட விமானத்தின் வாசல் வரை போய் மகளைக் கட்டிப்பிடித்து அனுப்பலாம். அந்த உரிமை போனதை இப்போது யாரும் இழப்பு என்றுகூடச் சொல்வதில்லை.

பாதாதிகேசம்

இனி, இழந்தவற்றைக் கூறும் முறை. தெய்வத்தைப் பாதம் தொடங்கிக் கேசம் வரையும், மானிடரைக் கேசம் தொடங்கிப் பாதம் வரையும் பாடுதல் மரபு. அமெரிக்கச் சோதனை பாதத்தில் தொடங்கியதால் பயணியைத் தெய்வமாகவே அது கருதியது என்பது துணிபு.

பாதம். 2001 டிசம்பர் 22 அன்று பாரிஸிலிருந்து மயாமிக்குப் போன விமானத்தில் ரிச்சர்ட் ரீடு என்பவன் தன் ஷூவுக்குள் வெடிமருந்து வைத்து, தீக்குச்சி கிழித்துப் பற்றவைக்கப் பார்த்தான். பற்றவில்லை. பக்கத்திலிருந்தவர்கள் அமுக்கிக் கட்டிப்போட்டார்கள். அந்த ஒரு ஜோடி ஷூவுக்காக 2006 ஆகஸ்ட் முதல் அத்தனை பேரும் ஷூவைக் கழற்ற வேண்டும் என்று விதி வந்தது. பின்னர் 12 வயது வரையுள்ள குழந்தைகளுக்கும் 75 வயதைத் தொட்ட பெரியவர்களுக்கும் தளர்த்தினார்கள். நடுவயதுப் பாதங்களுக்கு 2025 ஜூலை வரை விடுதலை இல்லை.

இங்கே ஓர் இடைப்பிறவரல். தீக்குச்சியால் வந்த வினைக்கு விடையாக 2005 ஏப்ரலில் சிகரெட் லைட்டரைத் தடை செய்தார்கள். தீக்குச்சியைத் தடை செய்யவில்லை. அப்போது நான்கு சிறு தீப்பெட்டி அட்டைகள் வரை கைப்பையில் கொண்டுபோக முடிந்தது. நாளொன்றுக்கு 22,000-க்கு மேல் லைட்டர்களைப் பிடுங்கிப் பிடுங்கிச் சலித்து, 2007 ஆகஸ்டில் தடையை எடுத்தார்கள். இந்த இரண்டேகால் ஆண்டில் எந்தப் பயணியும் ‘அப்படியானால் தீக்குச்சி?’ என்று கேட்டு வரிசையை நிறுத்திய செய்தி இல்லை. காரணம் மேலே சொன்ன சிறுபொழுது.

இடை. பெல்ட். வெளிப்படை.

கை. 2006 ஆகஸ்ட் 10 அன்று லண்டனில் ஒரு சதி பிடிபட்டது. குளிர்பானப் பாட்டிலில் திரவ வெடியை நிரப்பி, அட்லாண்டிக் கடலுக்குமேல் பல விமானங்களை வெடிக்கச் செய்யும் திட்டம் அது. அதிலிருந்து 100 மில்லிக்குமேல் எந்தத் திரவமும் கையில் கூடாது. உள்ளதெல்லாம் ஒரு லிட்டர் பைக்குள் அடங்க வேண்டும். நுட்பம் யாதெனில், விதி அளப்பது பாட்டிலை, பாட்டிலில் உள்ளதை அல்ல. 200 மில்லி பாட்டிலின் அடியில் நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெய் இருந்தாலும் அது குற்றவாளியே. பிடுங்கிய பாட்டில்களை, வெடிக்கக்கூடும் என்ற ஐயத்தின் பேரில் பிடுங்கினவற்றை, நூறு பேர் நிற்கும் வரிசையை ஒட்டிய தொட்டியிலேயே வீசுகிறார்கள். 2018 ஜூன் 30 முதல், வெளிநாட்டிலிருந்து அமெரிக்காவுக்கு வரும் கைப்பைகளில் 350 மில்லி அளவுக்கு மேற்பட்ட பொடியும் சந்தேகத்துக்கு உரியதாயிற்று. இதனால் நேரடியாகத் தாக்குண்டது இட்லிப் பொடி.

உடல். 2009 கிறிஸ்துமஸ் அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து டெட்ராயிட் போன விமானத்தில் ஓர் இளைஞன் உள்ளாடையில் வெடி வைத்துக்கொண்டு வந்தான். அதுவும் சரியாக வெடிக்கவில்லை. உள்ளாடைகளைக் கழற்றச் சொல்ல அரசுக்குக்கூட மனம் வராததால், கழற்றாமலே பார்க்கும் ஸ்கேனர்கள் 2010-இல் விமான நிலையங்களில் பரவின. அவற்றில் ஒரு வகை, ஆடையைத் தாண்டி உடம்பின் வடிவத்தை அப்படியே திரையில் காட்டியது. அந்த வகை இயந்திரங்கள் 2013-இல் அகற்றப்பட்டன. மக்கள் கோபம் வென்றது என்று மகிழ்வார் உளர். நடந்தது வேறு. ஆளின் உருவத்தை மறைத்துப் பொம்மை உருவம் காட்டும் மென்பொருளை நாடாளுமன்றம் குறித்த கெடுவுக்குள் செய்து தர அந்த இயந்திர நிறுவனத்தால் முடியவில்லை. வெட்கத்துக்குக் கிடைக்காத வெற்றி கெடுத்தேதிக்குக் கிடைத்தது.

முகம். இப்போது கேமரா முகத்தையே பார்த்து அடையாள அட்டையோடு ஒத்துப்பார்க்கிறது. வேண்டாம் என்று சொல்ல உரிமை உண்டு என்று பக்கத்திலேயே பலகை இருக்கிறது. அதைப் படிக்க நிற்பவரைப் பின்னால் நிற்பவர் பார்க்கும் பார்வையைப் பற்றிப் பலகையில் எதுவும் இல்லை.

கேசம். இதற்கும் மேலே பெயர் என்று ஓர் உறுப்பு இருப்பதைப் பழைய நூலோர் அறியவில்லை. 2001 செப்டம்பர் 11 காலையில் விமானம் ஏறக்கூடாதார் பட்டியலில் 16 பெயர்கள் இருந்தன. பின்வந்த ஆண்டுகளில் அது பல்லாயிரமாயிற்று. எட்வர்டு கென்னடி என்ற செனட்டரை, ஜான் கென்னடியின் தம்பியை, நாட்டில் முகம் தெரியாதவர் இல்லாத ஒருவரை, பட்டியலில் இருந்த வேறொரு பெயரோடு ஒத்திருக்கிறது என்று 2004-இல் திரும்பத் திரும்ப நிறுத்தினார்கள். உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சரோடு பேசியும் அதைச் சரிசெய்ய வாரக்கணக்கில் ஆயிற்று. நெல்சன் மண்டேலா பயங்கரவாதக் கண்காணிப்புப் பட்டியலிலிருந்து நீங்கியது 2008-இல். அப்போது அவருக்கு வயது தொண்ணூறை நெருங்கியிருந்தது.

இணங்குவோர் வகை

இணங்குவோர் எண்வகைப்படுவர். எண் நிறைய வேண்டி எட்டு எனப்பட்டது.

முன்கழற்றியார் எனப்படுவார், சொல்லுமுன் கழற்றுவார். ஷூவைக் கழற்றும் விதி இருந்தவரை இவர் விமானப் பயணத்துக்கென்றே லேஸ் இல்லாத ஷூ வாங்கினார். கைக்கடிகாரத்தை வீட்டிலேயே பையில் போட்டிருப்பார். லேப்டாப்பை இரண்டாம் வளைவிலேயே உருவிக் கையில் வைத்திருப்பார். முன்னால் நிற்பவர் பாக்கெட்டைத் துழாவினால் இவருக்கு உச்சி வேகும். சோதனையின் கடுமையைக் குறை சொல்லமாட்டார், பிறர் தாமதத்தைக் குறை சொல்வார். அதிகாரி ஒருவரும் இல்லாமலே வரிசையை ஒழுங்காக நடத்தும் ஆற்றல் இவ்வகையாருக்கு உண்டு. செனட் சபையையும் இவ்வகையில் சேர்ப்பது எம் கொள்கை. 2001 அக்டோபரில், செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து 45 நாள் ஆவதற்குள், ஒட்டுக்கேட்கவும் துருவவும் அரசுக்குக் கைநிறைய அதிகாரம் தந்த பேட்ரியட் சட்டத்தை அவர்கள் 98-க்கு 1 என்ற கணக்கில் நிறைவேற்றினார்கள். அந்த ஒன்று, விஸ்கான்சின் செனட்டர் ரஸ் ஃபெய்ன்கோல்டு. 98 பேரும் லேஸ் இல்லாத ஷூவில் வந்திருந்தார்கள் என்று கொள்க.

மடிக்கனமிலார் எனப்படுவார், மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம் என்பார். பழமொழி பொய்யில்லை. ஆனால் பழமொழிக் காலத்து வழிப்போக்கன் தன் மடியில் கனம் உண்டா இல்லையா என்பதைத் தானே அறிவான். இங்கே எது கனம் என்று தீர்மானிப்பவர் மேசைக்கு அந்தப்பக்கம் நிற்பவர். நேற்றுவரை கனமில்லாத லைட்டர் இன்று கனம். அடுத்த ஆண்டு மறுபடி கனமில்லை. கென்னடியின் மடியில் இருந்த கனம் அவர் பெயர். இவ்வகையார் தொகையில் மிகுதி. வாதத்தில் வெல்ல அரியர். தம் பெயர் ஒருமுறை திரையில் சிவப்பாக ஒளிரும் வரை இவ்வகையிலேயே இருப்பர்.

பிறர்க்கென வேண்டுநர் எனப்படுவார், சோதனை மிக அவசியம் என்பார். யாருக்கு என்று கேட்டால் கண்ணால் காட்டுவார். 2010 ஜனவரியில் கேலப் கணக்கெடுப்பில் 78 சதவீத அமெரிக்கப் பயணிகள் முழு உடல் ஸ்கேனருக்குச் சரி என்றார்கள். அந்த 78-இல் எத்தனை பேர் தம் உடம்பை நினைத்துச் சொன்னார்கள், எத்தனை பேர் பக்கத்து வரிசைத் தலைப்பாகையை நினைத்துச் சொன்னார்கள் என்று கணக்கெடுப்பு பிரிக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் மிசிசிப்பி மாநிலம் ஜாக்சன் விமான நிலையத்தில் இந்தியத் தூதர் மீரா சங்கரைத் தனியே அழைத்து, மற்றவர் பார்க்கத் தடவிச் சோதித்தார்கள். தூதர் என்று சொல்லியும் பலிக்கவில்லை. அவர் கட்டியிருந்தது சேலை. விதியில் தளர்ந்த ஆடைக்குக் கூடுதல் சோதனை உண்டு. இறுக்கிப் பிடித்த ஜீன்ஸ் அணிந்தவர்களுக்கு இந்த விதி நியாயமாகவே பட்டிருக்கும்.

இவ்வகைக்கு நம்மூர்க் கிளை ஒன்றுண்டு. 2009 ஏப்ரலில் டெல்லியில் கான்டினென்டல் ஏர்லைன்ஸ் ஊழியர்கள் அப்துல் கலாமைச் சோதித்தார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று நியூயார்க்கில், ஏர் இந்தியா விமானத்துக்குள் உட்கார்ந்துவிட்டவரிடமிருந்து அவருடைய ஜாக்கெட்டையும் ஷூவையும் வாங்கிக்கொண்டு போய்ச் சோதித்தார்கள். கலாம் இரண்டு முறையும் முகம் சுளிக்காமல் இணங்கினார். கொதித்தது நாடு. நாடாளுமன்றம் அமளிப்பட்டது, முதலதற்கு விமான நிறுவனமும் இரண்டாவதற்கு அமெரிக்க அரசும் மன்னிப்புக் கேட்டன. கோபம் நியாயம்தான். ஆனால் அந்தக் கூச்சலை உற்றுக் கேட்டால், சோதனை தப்பு என்ற பேச்சே அதில் இல்லை. சோதனையிலிருந்து விலக்குப் பெற்றோர் பட்டியல் ஒன்று நம் விமான நிலையங்களில் உண்டு. அந்தப் பட்டியலை வெள்ளைக்காரன் மதிக்கவில்லையே என்பதுதான் புண். கலாமுக்கு வேண்டாத விலக்கை அவருக்காக வேண்டியவர்கள், சாதாரணத் தமிழனின் ஜாக்கெட் கழற்றப்பட்டபோது அவையில் எழுந்ததாகத் தெரியவில்லை.

வழக்கத்தார் எனப்படுவார், அதிகாரி என்றால் கழற்றத்தான் சொல்வார் என்று பிறவியிலேயே அறிந்தார். ஒரு பெரிய அமெரிக்க விமான நிலையத்தில் கோவைப் பக்கத்துத் தம்பதியரைக் கண்டோம். அம்மாவின் கையில் கழலாத பொன்வளையல். சேலை மடிப்பில் நான்கு ஊக்கு. கைப்பையில் எவர்சில்வர் டப்பா. கையுறை போட்ட அதிகாரி டப்பாவைத் திறந்து முகர்ந்து, பின்னுக்கு வாங்கி, வெள்ளைத் துணித்துண்டால் அதன் விளிம்பைத் துடைத்து ஓர் இயந்திரத்துக்குள் செருகினார்.

“ஏனுங்க, பொடியில உப்புச் சரியா இருக்குதான்னு பாக்குறாங்களாங்க?” என்றார் அம்மா.

“நீ சும்மா இரு. ஃப்ளைட்டுக்கு நேரமாச்சு.”

“உங்களை ஷூவைக் கழட்டச் சொல்லலீங்களா?”

“எழுவத்தஞ்சாச்சுன்னு உட்டுட்டாங்க. குருவாயூர்ல சட்டையவே கழட்டுனனல்ல, அதுக்கு இது எவ்வளவோ தேவல.”

“அங்க அதுக்கப்புறம் சாமியக் காட்டுனாங்க” என்று அம்மா வளையலைத் தடவிக்கொண்டே ஸ்கேனருக்குள் போய்க் கையைத் தூக்கி நின்றார். இந்நூல் வகுத்த எட்டில் அந்த அம்மாவை எதில் வைப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஐயா வழக்கத்தாரே, ஐயமில்லை.

முணுமுணுப்பார் எனப்படுவார், வரிசையில் புரட்சியாளர், தட்டு வந்ததும் குடிமகனார். 2010 தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின நாள், நவம்பர் 24, ஸ்கேனரைப் புறக்கணிக்கும் நாள் என்று நாடெங்கும் அறிவித்தார்கள். எல்லாரும் ஸ்கேனரை மறுத்துக் கையால் தடவும் சோதனையைக் கேட்டால் வரிசை முடங்கும், அரசு பணியும் என்பது வியூகம். வியூகம் வகுத்தவர்கள் பெரும்பொழுதைச் சரியாகத் தேர்ந்தார்கள், சிறுபொழுதை மறந்தார்கள். பாட்டி வீட்டில் வான்கோழி காத்திருக்கிற நாளில் மக்கள் கையைத் தூக்கி நின்றுவிட்டு ஓடினார்கள். மறுத்தவர்கள் அங்கொருவர் இங்கொருவர். வரிசைகள் வழக்கம்போல் நகர்ந்தன.

விதிகாப்பார் எனப்படுவார், பறித்ததைத் திருப்பிக் கொடுத்தால் வாங்க மறுப்பார். இவ்வகையே இந்நூலின் மணி. 2013 மார்ச்சில் சோதனைத் துறையான டிஎஸ்ஏவின் தலைவர் ஜான் பிஸ்டோல் ஓர் அறிவிப்புச் செய்தார்: ஆறு சென்டிமீட்டருக்கு உட்பட்ட சிறு பேனாக்கத்தி, ஹாக்கி மட்டை போன்றவற்றை இனிக் கைப்பையில் கொண்டுபோகலாம், விமானி அறையின் கதவு இப்போது பலப்படுத்தப்பட்டுவிட்டது, சிறு கத்தியால் விமானத்தைக் கைப்பற்ற முடியாது, தேடும் நேரத்தை வெடிமருந்துக்குச் செலவிடுவோம். பன்னிரண்டு ஆண்டில் அரசு தானாகத் திருப்பித் தந்த உரிமைகள் விரலுக்குள் அடங்கும். நாடு சீறியது. விமானப் பணிப்பெண்கள் எதிர்த்தது நமக்குப் புரிகிறது. குடித்துவிட்டுக் கத்துகிற பயணிக்கு முன் முதலில் நிற்பவர்கள் அவர்கள். அவர்களைப் பார்த்துச் சிரிக்க இந்நூலுக்கு உரிமை இல்லை. ஆனால் விமான நிறுவனங்களும் எதிர்த்தன, அரசியல்வாதிகளும் எதிர்த்தார்கள், தம் பேனாக்கத்தியைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்த பயணிகளும் எதிர்த்தார்கள். ஜூனில் அறிவிப்பு வாபஸ். நான் கொடுத்தேன், நீயும் கொடு என்பது இவ்வகையார் அறம். இழந்தவர் தம் இழப்பைத் தண்டமாக நினைப்பதில்லை, சந்தாவாக நினைக்கிறார். சந்தா கட்டாதவர் சங்கத்துக்குள் வருவதை யார் பொறுப்பார்?

கட்டணத்தார் எனப்படுவார், இழந்த உரிமையை விலைக்கு வாங்குவார். 2013 இறுதியில் ப்ரீசெக் என்ற திட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது. அன்றைய விலையில் 85 டாலரும் பத்து விரல் ரேகையும் கொடுத்து விசாரணைக்கு உட்பட்டால், ஐந்து ஆண்டுக்கு ஷூ காலிலேயே, பெல்ட் இடுப்பிலேயே, லேப்டாப் பையிலேயே. 1972-இல் இதெல்லாம் இலவசம். ரேகையும் விரலிலேயே இருந்தது. இவர் பக்கத்து நீண்ட வரிசையைக் கடக்கும்போது மெதுவாக நடப்பார். 2025 ஜூலையில் எல்லாருடைய ஷூவும் விடுதலையானபோது இவருக்கு நேர்ந்த துயரம் தனி நூலுக்கு உரியது.

எட்டாமவர் 2001-க்குப் பின் பிறந்தார். இவர்க்கு இழப்பு என்று ஒன்று இல்லாமையால் இணக்கமும் இல்லை என்பது ஒரு சாரார் கொள்கை. அது ஆராய்தற்குரியது, நீளும்.

மெய்ப்பாடு

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்றார். டிஎஸ்ஏ தொண்ணூற்றுக்கு மேல் கண்டது. பயணியின் நடத்தையை நோக்கித் தீய எண்ணத்தைக் கண்டுபிடிக்கப் பயிற்சி பெற்ற அதிகாரிகளை 2007 முதல் நிறுத்தினார்கள். அவர்கள் கையிலிருந்த குறிப்புப் பட்டியல் 2015-இல் கசிந்தது. அளவுக்கு மீறிய கொட்டாவி, தொண்டையைச் செருமல், சோதனைக்கு அருகில் வரும்போது சீழ்க்கை அடித்தல் ஆகியவற்றுக்கெல்லாம் மதிப்பெண் உண்டு. காலை நான்கு மணி விமானத்துக்கு வந்தவர் கொட்டாவி விட்டால் அது எந்த மெய்ப்பாட்டின்பாற்படும் என்று பேராசிரியர் உரையிலும் விளக்கம் இல்லை. 2013-இல் அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகமே இதை ஆராய்ந்து, சுமார் 90 கோடி டாலர் செலவிட்ட பிறகும் இம்முறை பலிப்பதற்குச் சான்று இல்லை, மேற்கொண்டு பணம் தருவதைக் கட்டுப்படுத்துக என்றது.

சான்று பற்றிய இன்னொன்று. 2015-இல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தணிக்கையாளர்கள் தாமே பயணிகளாக வேடமிட்டு, போலிக் குண்டும் ஆயுதமும் மறைத்துக்கொண்டு பல விமான நிலையங்களில் புகுந்தார்கள். 70 முறை முயன்றதில் 67 முறை பிடிபடாமல் போனார்கள். செய்தி வெளியானது, டிஎஸ்ஏவின் பொறுப்புத் தலைவர் மாற்றப்பட்டார். மறுநாள் வரிசையில் ஒருவராவது ‘67 முறை விட்டவர்களே, என் ஷாம்பூவையும் விடுங்கள்’ என்று வாதாடியிருக்க வேண்டும். இணக்கம் பலனைப் பார்த்து வருவதாயிருந்தால் அன்றே அது ஆட்டம் கண்டிருக்கும். பாதுகாப்பு நிபுணர் புரூஸ் ஷ்னையர் இதைப் பாதுகாப்பு நாடகம் என்று 2003-லேயே பெயரிட்டார். பெயர் பரவியது. நாடகத்துக்குக் கூட்டம் குறையவில்லை. பார்வையாளரே நடிகராகவும் இருக்கும் நாடகத்தில் யார் எழுந்து போவார்?

நிறம் பற்றியும் ஒரு சொல். 2002 மார்ச்சில் அபாயத்தை ஐந்து நிறமாகப் பகுத்துப் பலகை வைத்தார்கள்: பச்சை, நீலம், மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. 2011 ஏப்ரலில் அம்முறை நீங்கும் வரை நாட்டுக்குப் பச்சையோ நீலமோ ஒருநாளும் வாய்க்கவில்லை. ஐந்திணையில் இரண்டு நிலத்துக்கு ஆளே குடிபோகாத கதை.

வகைப்படாதன

2005-இல் ரியல் ஐடி என்றொரு சட்டம் செய்தார்கள். மாநில ஓட்டுநர் உரிமம் மத்திய அரசு வகுத்த தரத்தில் இருந்தாலொழிய அதைக் காட்டி விமானம் ஏற முடியாது என்பது அதன் சாரம். இருபது ஆண்டு தள்ளித் தள்ளி 2025 மே 7-இல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். அப்போதும் அந்த அட்டை இல்லாமல் வந்தவரைத் திருப்பி அனுப்பவில்லை. கூடுதலாகச் சோதித்து அனுப்பினார்கள். 2026 பிப்ரவரி 1 முதல், அட்டை இல்லாதவர் 45 டாலர் கட்டினால் ஆளைச் சரிபார்த்து ஏற்றும் ஏற்பாடு வந்தது. கட்டிய தொகை பத்து நாளுக்குச் செல்லும்.

அட்டை வாங்க மறுத்ததால் இவரை இணங்காதார் என்பதா, 45 டாலர் கட்டியதால் கட்டணத்தார் என்பதா? இரண்டும் பொருந்துவதால் எம் துணிபு இது: பதினோராம் நாள் திரும்பி வரும்போது மறுபடி 45 கட்டுவாராயின் கட்டணத்தார், கட்டமாட்டேன் என்று போன ஊரிலேயே வீடு பார்த்துத் தங்கிவிடுவாராயின் இணங்காதார்.